முதல் பஸ், கடைசித் தரிப்பு

அடியே,

உன் நினைவு மலர் என் குசினி மேசையில் கிடக்கிறது. புது மையின் மணம் இன்னும் போகவில்லை. நேற்று இங்கே ஒஸ்லோவில், குரோருட் மண்டபத்தில், நீ செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்கள். அட்டையில் நீ சிரிக்கிறாய். பின்னால் ஒரு கோபுரம். கையில் அர்ச்சனைத் தட்டு. நெற்றியில் கம்ப்யூட்டரில் பூசிய திருநீறு. கீழே, ‘இங்கிலாந்துத் திருத்தலங்கள் பலவற்றைக் கண்ணாரத் தரிசித்த பக்தை’ என்று போட்டிருக்கிறது.

தூ!

அந்தப் படத்தை எடுத்தவள் நான். ஹல் நகரத்தில், பஸ்ஸின் கடைசித் தரிப்புக்கு எதிரே இருந்த பப்பில் எடுத்தது. உன் பின்னால் இருந்தவை பியர்க் குழாய்கள். கையில் அரைக் கிளாஸ் கறுத்த பியர். மடியில் யாரோ ஒரு கிழவியின் நனைந்த நாய் தலையை வைத்துக்கொண்டிருந்தது. நல்லாய்ச் சிரித்த படம் ஒன்று வேண்டும் என்று உன் புருஷனின் தமையன் கேட்டார், அனுப்பினேன். நாய் போய்க் கோயில் வரும் என்று நான் கண்டேனா?

இத்தனைக்கும் அந்தமாதிரிப் பப்புகள் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. லண்டனில் சொந்தக்காரர் வீட்டில் சாமத்தியவீடு, கலியாணம் என்று இருவரும் ஒஸ்லோவிலிருந்து ஒன்றாய்ப் பறப்போம். மறுநாள் எல்லாரும் கூடியிருந்து வீடியோ பார்க்கத் தொடங்க, நீ என்னை இழுத்துக்கொண்டு போய் றெயினேறுவாய். எந்த ஊரென்றாலும் உன் முறை ஒன்றுதான். ஸ்டேஷன் வாசலில் முதலில் புறப்படுகிற பஸ்ஸில் ஏறுவாய். அது திரும்புகிற இடம்வரை போய் இறங்கி, கிட்ட இருக்கிற பப்புக்குள் நுழைவாய். லிங்கனில் அந்தப் பெரிய தேவாலயத்தை நான் பஸ் ஜன்னலால் மட்டும்தான் கண்டேன். இறங்குவோமடி என்று கெஞ்சினேன். “கோட்டையும் சேர்ச்சும் ஊர் பூசின பவுடர். கடைசித் தரிப்பிலைதான் அது முகம் கழுவாமல் இருக்கும்” என்றாய்.

முகத்தை மட்டுமா கழுவவில்லை? அந்தக் கம்பளங்களை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். சப்பாத்து ஒட்டிக்கொள்ளும், காலை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். புளித்த பியரும் நாயும் வினாகிரியும் சேர்ந்த நாற்றம். கழிவறையைப் பற்றிச் சொன்னால் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நான் என் ஒரேஞ் ஜூஸ் கிளாஸின் விளிம்பைத் துடைத்துத் துடைத்துக் குடிப்பேன். நீயோ எந்தக் காலத்திலிருந்தோ வினாகிரிப் போத்தலுக்குள் ஊறிக்கிடந்த முட்டையை வாங்கி, என் முகத்துக்கு முன்னாலேயே கடிப்பாய். “முதியோர் இல்லத்திலை நாள் முழுக்க என்னத்தையெல்லாம் துடைக்கிறம். இதுக்குப் போய் மூக்கைப் பொத்துறாய்!”

ஹல்லில் நாய்க்காரக் கிழவி எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டாள். இலங்கை என்று நான் வாயெடுக்குமுன் நீ “நோர்வே” என்றாய். அவளுடைய தகப்பன் அந்தக் காலத்தில் நோர்வேப் பக்கத்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போனவராம். உடனே ஹீற்றருக்குப் பக்கத்திலிருந்த தன் கதிரையை உனக்குத் தந்துவிட்டாள். நீ கதைத்த இங்கிலிஷில் பாதி நோர்வேஜியன். ஆனாலும் உன்னோடு கதைக்கவென்று அவள் தன் பஸ்ஸையே விட்டாள். அன்றைக்குப் போல நீ வாய்விட்டுச் சிரித்ததை இங்கே ஒஸ்லோவில் நான் கண்டதில்லை. அதனால்தான் படமெடுத்தேன்.

நேற்று மண்டபத்தில் உன் புருஷனின் தமையனாரைப் பிடித்தேன். மனிசனின் வாயில் விஸ்கி மணத்தது. கார் நிறுத்துகிற இடத்தில் நின்று ஊற்றிக்கொண்டு வந்து, அந்த வாயால்தான் மேடையில் உன் பக்தியைப் புகழ்ந்திருக்கிறார்.

“ஆரைக் கேட்டு நாயை வெட்டினனீங்கள்?” என்றேன்.

“நாலு சனம் பாக்கிற புத்தகம், தங்கச்சி. குடிக்கிற படத்தைப் போடேலுமே?”

“நீங்கள் குடிச்சா ஒண்டுமில்லை. அவள் குடிச்சா மட்டும் கோயில் கட்டி மறைக்க வேணுமோ?”

பாயாசத்துக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தணித்தார். “கோயிலுக்குப் போறன் எண்டுதான் அவா எங்களுக்குச் சொன்னவா. நாங்கள் அதைத்தான் எழுதினனாங்கள்.”

பொய் என்று கத்த வாயெடுத்தேன். பக்கத்தில் உன் மகள் நின்றாள்.

“ஓம் அன்ரி, எனக்கும் அப்பிடித்தான் சொன்னவா. ஒவ்வொருமுறையும் வந்து எனக்குத் திருநீறு பூசிவிடுவா.”

என்ன திருநீறடி? எந்தக் கோயில் திருநீறு? லண்டனில் உன் அக்கா வீட்டுச் சாமித்தட்டில் கிள்ளி, பேப்பரில் மடித்துக்கொண்டு வந்தாயா? அந்த மனிசனில் வந்த அருவருப்பெல்லாம் அப்படியே உன்மேல் திரும்பியது. அவர் உன்னை ஒருமுறைதான் வெட்டி ஒட்டினார். நீ வருடக்கணக்காய் உன்னை நீயே வெட்டி ஒட்டியிருக்கிறாய், அதுவும் பெற்ற பிள்ளைக்கு முன்னால். கூட வந்த எனக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்டபத்திலேயே உன்னைத் திட்டினேன், மனதுக்குள், நல்ல தூஷணத்தால்.

வீடு திரும்ப உன் மகளும் என்னோடு டி-பானா றெயினில் ஏறினாள். போனில் இருந்த உண்மைப் படத்தை அவளிடம் நீட்டினேன். அவளுக்கு அது சேர வேண்டும் என்று பட்டது. நாயைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு உன் முகத்தை. “அம்மா இப்பிடியும் சிரிப்பாவோ?” என்றாள். ஹல், லிங்கன், ஊறின முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். ரொம்மன் ஸ்டேஷனில் இறங்கிப் படியேறும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அன்ரி, அப்ப என்னை ஏன் அம்மா ஒருக்காலும் கூட்டிக்கொண்டு போகேல்லை?”

“நீ அப்ப சின்னப்பிள்ளை. பப்புக்குள்ளை பிள்ளையளை விடமாட்டினம்” என்றேன்.

பகலில் அங்கே குடும்பம் குடும்பமாய் இருந்து பிள்ளைகள் சிப்ஸ் தின்றதை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். அவள் பார்த்ததில்லை, நம்பிவிட்டாள். வேறென்னத்தை நான் சொல்ல? ஒருநாள் திரும்பி வரும் றெயினில், சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு நீ சொன்னாய்: “இண்டைக்கு முழுக்க என்னை ஒருத்தரும் அம்மா எண்டு கூப்பிடேல்லை. அதுதானடி எனக்கு ருசி.”

அது என்னிடம் இருக்கிறது. உன் பிள்ளைக்கு என் வாயால் ஒருநாளும் போகாது.