மூன்றாவது நோட்டீஸ்

என்னங்க,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நம் வீடு காலியாகிவிட்டது!

நாலு நாள் தங்கிக்கொள்கிறேன் என்று வந்த உங்கள் நண்பருக்கு, பதினான்கு மாதம் கழித்து நானே நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "பாவம்டி" என்றிருப்பீர்கள்.

கோர்ட்டில் இருபது வருடமாக நோட்டீஸ் கொடுக்கிறவருக்கே நோட்டீஸ்! நம் சோபாவில் சாய்ந்தபடி படித்தார். "தேதி போடலையே தங்கச்சி. இது செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்ததில் தேதி போட்டேன். காலி செய்யக் கெடு இல்லையாம், அதுவும் செல்லாதாம்.

மூன்றாவதை வக்கீலை வைத்து எழுதினேன். உங்கள் நண்பர் இரண்டு முறை படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இப்பதான் பக்காவா இருக்கு. இனிமே நான் இங்க இருந்தா தப்பு" என்றார். சொன்னபடி முப்பதாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க சோபாவில் படுத்து ரேடியோவை அலறவிட்டேன்.

நேற்று காலிங் பெல் அடித்தது. அவர்தான். கையில் ஒரு தாள்: 'மாலை ஐந்து முதல் ஐந்தரை வரை விருந்தாளியாக வருகிறேன்.' தேதி, கையெழுத்து எல்லாம் கச்சிதம். ஐந்தரைக்கு டாண் என்று எழுந்தார்.

"உட்காருங்கண்ணே, இன்னொரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றது யார் தெரியுமா? நானேதான்!

"அதை எழுத்துல குடு தங்கச்சி" என்றார்.

கொடுத்தேன்.

இப்படிக்கு,
சோபாவில் கால் நீட்டியபடி,
உங்கள் மனைவி