நின்றுபோன படம்

சிங்கவரம்,
மார்ச் 29, சனிக்கிழமை.

அன்பு மகள் யுவஸ்ரீக்கு உன் நைனா உத்திராபதி எழுதுவது.

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். தெற்குக் கழனியில் மல்லாட்டை பிடுங்கி முடிந்தது. கடலை ஓரளவு திரட்சிதான். நேற்று மதியம் மேகம் கூடியது. மழை வந்துவிடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் அள்ளி மூடினோம். வரவில்லை. இன்று மறுபடியும் களத்தில் காய்கிறது.

போனில் உனக்கு நான் இதுவரை அனுப்பியதெல்லாம் "சாப்டியா", "பஸ் ஏறிட்டியா" என்ற அளவுதான். இப்போது சொல்ல வேண்டியது அதில் அடங்காது. அதனால்தான் தாளில் எழுதி, செஞ்சி தபால் ஆபீசுக்கு நானே போய்ச் சேர்க்கப் போகிறேன்.

புதன்கிழமை நான் உன் ஹாஸ்டலுக்கு வந்ததை நீ என்னவென்று நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கல்யாண விஷயம் காதில் விழுந்ததும் சண்டை போட ஓடிவந்துவிட்டார் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. அன்று காலையில் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது.

ஏழரை மணிக்கு வழக்கம்போல நீ வீடியோவில் கூப்பிட்டாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு நாளாகவே படம் நின்று நின்றுதான் வந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்று ரொம்ப மோசம். உன் கை மேலே போவது தெரியும், கீழே வருவதற்குள் படம் கட்டம் கட்டமாகக் கலைந்துவிடும். அம்மா திரும்பத் திரும்ப, இன்னொரு முறை சொல் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. உன் இரண்டு கையும் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்தன. கண் பாதி மூடியிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அதோடு போன் கட்டாகிவிட்டது.

அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் ஓடிவந்துவிட்டாள். "இவ கழுத்துல இன்னாமோ பண்ணிக்கப் போறா, நீ கெளம்பு" என்றாள் அம்மா. திரும்பக் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போனதும் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள் என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் நினைவே வரவில்லை. வார்டன் வசந்தா அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் போன் அணைத்து வைத்திருந்தது.

அம்மாவும் கிளம்பியிருப்பாள். ஆனால் நீ திரும்பக் கூப்பிட்டால் உன்னோடு கையால் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. அதனால் சிக்னல் கிடைக்கட்டும் என்று போனை எடுத்துக்கொண்டு விருத்தாம்பாள் வீட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் தனியாகப் புறப்பட்டேன். செஞ்சியில் திண்டிவனம் பஸ், அங்கிருந்து செங்கல்பட்டு, அப்புறம் ஒரகடம். வழியெல்லாம் "எங்க இருக்கற" என்று மட்டும் உனக்கு மெசேஜ் போட்டேன். எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போனது என்று தெரியவில்லை. மேல்மருவத்தூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர், "இன்னா பெரியவரே, ஒடம்பு முடியலியா" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன், குடிக்கவில்லை.

ஹாஸ்டலுக்கு வந்து சேரும்போது மணி ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. வார்டன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "யுவஸ்ரீயா? காலையில கம்பெனி பஸ்ல ஏறினாளே. நான்தான் டிபன் பாக்ஸ் எடுத்துக் குடுத்தேன். சிரிச்சிக்கினுதான் போனா" என்றார். அங்கே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லக்கூட வெகுநேரம் ஆனது. நான் அழுததை வார்டன் அம்மா பார்த்தார். அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நீ வரும்வரை நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் பயந்துபோய் ஓடிவந்தாய். என்ன என்று நீ கையால் கேட்டது மட்டும் புரிந்தது. வார்டன் அம்மாவிடம் தாள் வாங்கி, அம்மாவிடம் காலையில் என்ன சொன்னாய் என்று எழுதிக் கேட்டேன். நீ எழுதிக் காட்டினாய்: "கல்யாணம் என்று சொன்னேன். பெயர் சேரன். எங்கள் லைனில் வேலை. நல்லவர். என்னைப் போலவே காது கேட்காது."

தாலி கட்டுவது போல இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோவதுதான் நம் வீட்டில் கல்யாணத்துக்குச் சாடையாம். இதுகூட எனக்குத் தெரியாது. கை கழுத்துக்குப் போகிற வழியில் படம் நின்றிருக்கிறது.

சிரித்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் காலையிலிருந்து சுமந்துவந்த பயம் அந்த நிமிஷத்தில் கோபமாகத் திரும்பிவிட்டது. "ரெண்டு பேருக்கும் காது கேட்கலைன்னா வீட்டில் யார் யாரோட பேசுவீங்க?" என்று எழுதி உன் பக்கம் தள்ளினேன். நீ படித்தாய். பேனாவை மூடி வைத்தாய். தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ உயிரோடு இருப்பதைப் பார்க்கத்தான் வந்தேன் என்பதைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அதற்கு அம்மா, "நான் அவகூட இருவத்தி நாலு வருசமாப் பேசிக்கினுதான இருக்கறேன். எனுக்கு இன்னா கொறஞ்சி போச்சி? காது கேக்கற நீதான் பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசல" என்றாள். உனக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்ன வருஷமே அவள் கையால் பேச ஆரம்பித்துவிட்டாள். உன் பள்ளிக்கூடத்துச் சாடையையும் விழுப்புரத்துக்குப் போய்வந்து கற்றுக்கொண்டாள். வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று நான் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் ஸ்ரீஹரியின் செல் கடைக்குப் போய், வீடியோ ஏன் இப்படி வருகிறது என்று கேட்டேன். நம் மூன்று எண்ணுக்கும் சேர்த்து அவன்தானே பிளான் போட்டுக் கொடுத்தான். போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாசத்துக்கு இவ்ளோன்னு ஒரு அளவு இருக்குது மாமா. அது தீந்துட்டா கம்பெனிக்காரன் நெட்ட நிறுத்த மாட்டான், வேகத்தக் கொறச்சிடுவான். உனக்கு இருபதாந்தேதியே தீந்துட்டுது. பேசறதுக்கு, மெசேஜுக்கு ஒண்ணும் ஆவாது. படம்தான் நின்னு நின்னு வரும். ஒண்ணாந்தேதி வந்தா தானா சரியாப் பூடும்."

"எங்க வூட்ல பேச்சே படம்தாம்பா" என்றேன்.

அவன் எந்த எண்ணில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று திருப்பிக் காட்டினான். உன் எண்ணில்தான் ஆகக் குறைச்சல். அம்மாவோடு பேசிய நேரம் தவிர வேறு ஒன்றுக்கும் நீ செலவழிக்கவில்லை. என் எண்ணில் ஓடியது உங்கள் இரண்டு பேருடையதைப் போல ஆறு மடங்கு. மதியத்தில் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டு பார்த்ததுதான். மாட்டுச் சந்தை வீடியோ, கூத்து வீடியோ, எந்த ஊரிலோ கிணற்றில் விழுந்த மலைப்பாம்பைத் தூக்குகிற வீடியோ. நான் தூங்கிப் போன பிறகும் அது பாட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஓடியிருக்கிறது. தீரப் போகிறது என்று முன்கூட்டியே போன் கம்பெனியில் இருந்து மெசேஜும் வந்திருக்கிறது. இங்கிலீஷில் இருந்தது. விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறேன்.

உங்கள் இருவர் பேச்சையும் நான்தான் தின்று தீர்த்திருக்கிறேன். இதை அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இப்போது உன்னிடமும் சொல்கிறேன்.

ஒவ்வொரு எண்ணுக்கும் இவ்வளவுதான் என்று தனித்தனியாகப் பிரித்துப் போடலாமாம். என் எண்ணுக்குப் பேச்சு மட்டும் இருந்தால் போதும், மிச்சமெல்லாம் உன் எண்ணுக்கும் அம்மா எண்ணுக்கும் போகட்டும் என்று சொல்லி மாற்றிக்கொண்டு வந்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஒன்றாம் தேதி தாண்டியிருக்கும். மூன்று நாளாக நீ அம்மா கூப்பிட்டும் எடுப்பதில்லை. நான் செய்த தப்புக்கு அவளிடம் பேசாமல் இருக்காதே கண்ணு. ஏழரை மணி ஆனால் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாடு சரியாக இல்லை. நான் எழுதிய அந்தத் தாள் இன்னும் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

நேற்று சாயங்காலம் மல்லாட்டை உரிக்கும்போது, நீங்கள் இருவரும் என்னைப் பற்றிப் பேசினால் என்ன சாடை காட்டுவீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடப்பது போலக் காட்டினாள். நீ நாலு வயதில் வைத்த பெயர் என்றாள். வேறு மாற்ற முடியுமா என்று கேட்டேன். பெயர் வைத்தவளைக் கேள் என்று சொல்லிவிட்டாள்.

சேரனைப் பற்றி அம்மா நிறையக் கேட்கிறாள். அவர் எந்த ஊர், அப்பா அம்மா என்ன செய்கிறார்கள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுது. மீன் சாப்பிடுவாரா, இல்லை கோழிதானா என்று தனியாகக் கேட்டு எழுதச் சொன்னாள். அவர் வீட்டில் யாருக்காவது கையால் பேச வருமா? வராவிட்டாலும் கவலை இல்லை, அம்மா இருக்கிறாள். எனக்கு இதுவரை வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்ற மூன்றும் வருகின்றன. "உட்காருங்க" என்பதை நான் காட்டினால் ஆட்டைத் துரத்துவது போல இருக்கிறதாம். ஞாயிறுக்குள் சரியாகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் தேதி, கம்பெனி லீவு என்று அம்மா சொன்னாள். அவரையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடலாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

உன் நைனா,
உத்திராபதி