குடத்தோட எண்ணுன தப்படி

வியாழக்கிழமை, ராத்திரி. குடிகாடு.

எங்க தெருவுக்கு ஒரு குழாய் கேட்டு மனு குடுக்கப்போறோம். கூடவே ஒரு மேப்பும் வச்சா நல்லதுன்னு வீட்டுக்காரரு சொன்னாரு. வீட்டுலேர்ந்து மெயின் ரோட்டுக் குழாய் வரைக்கும் தப்படி எண்ணி தூரம் போடணுமாம். காலையில தண்ணிக்குப் போறப்பவே எண்ணிட்டேன். ரொம்புன குடத்தோட திரும்பறப்பவும் எண்ணுனேன். வர்றப்ப ரொம்ப ஜாஸ்தியா வந்துச்சி.

அவரு சிரிச்சாரு. "அதே ரோடு போறப்ப ஒரு நீளம், வர்றப்ப ஒரு நீளமா? இடுப்புல குடம் கனத்தா தப்படி சின்னதாத்தான் விழும். வெறுங்கையோட நடந்து எண்ணு."

"வெறுங்கையோட யாரு மாமா தண்ணிக்குப் போறாங்க?"

"மேப்புல குடத்தையெல்லாம் வரைய முடியாதுடி."

அவரு சொன்னது சரிதான். ரோடு நீளாது. சாயங்காலம் கைய வீசிக்கிட்டு நடந்து எண்ணி, அந்தக் கணக்குலதான் ஸ்கேல் வச்சி கோடு போட்டேன். பார்த்தா குழாய் பக்கத்துலயே இருக்கு. இவ்ளோ கிட்ட இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்குன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. பேப்பரப் பார்த்தா எனக்கே அப்படித்தான் தோணுது. இடுப்புதான் ஒத்துக்க மாட்டேங்குது.

மனு திங்கக்கிழமதான் குடுக்கணும். நாளைக்குத் தண்ணிக்கு அவரு போகட்டும். வந்து குடத்த எறக்கி வச்சிட்டு, எந்தக் கணக்கப் போடணும்னு சொல்லட்டும்.