டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் படம்

மே 8, வியாழன்

விடியும்போதே புழுக்கம். குடத்துத் தண்ணீர்கூடச் சூடு. பட்டாசுக் கம்பெனி வேன் இன்று வராது, எனக்கு வேலை இல்லை. துணி துவைத்தாச்சு, அரிசி புடைத்தாச்சு.

ஜெபா டீச்சர் வந்தார். லீவில் டியூஷன் பிள்ளைகளுக்குச் சர்ச் ஹாலில் படம் போடப் போகிறாராம். போன தடவை பேய்ப் படம். வாரம் முழுக்கப் பிள்ளைகள் பாயை நனைத்து, தாய்மார் எல்லாம் சண்டைக்குப் போனோம். அதனால் இந்தத் தடவை அம்மாக்கள் இரண்டு பேர் முதலில் பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம்.

"நானா டீச்சர்? ஏழாப்பு தாண்டாதவ."

"படம் பாக்க எத்தனாப்புக்கா வேணும்? உங்க பவானிக்கு ஆகும்னா எல்லாத்துக்கும் ஆகும்."

போன வருஷம் கம்பெனி வெடித்து பவானி அப்பா போனதிலிருந்து டிவிகூடப் பார்க்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 9, வெள்ளி

டீச்சர் வீட்டில் லேப்டாப்பில். நானும் அடுத்த வீட்டு மாரியம்மா மதினியும். படத்தில் அப்பா, அம்மா, நாலு பிள்ளை, ஒரு எருமை. பாடிக்கொண்டே பல் விளக்குகிறார்கள், பாடிக்கொண்டே சண்டை. யாராவது தாளம் தப்பினால் எருமை வந்து முட்டுகிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் வெட்கம்.

மதினிக்கு ஒரு குறை. "அந்தம்மா இடுப்ப ஏன் இந்த ஆட்டு ஆட்டுதா?"

"நாலு பெத்த இடுப்புக்கா. வலி போக ஆட்டுதா" என்றார் டீச்சர்.

கெட்ட பேச்சு இல்லை. குடி இல்லை. பேய் இல்லை.

கடைசியில் தீபாவளிப் பாட்டு. அப்பா சரவெடி கொளுத்துகிறார். டமார். புகைக்குள்ளிருந்து முகமெல்லாம் கரி, முடியெல்லாம் நட்டுக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் சுற்றி நின்று ஆட்டம்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிள் டயர் வெடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போகிறவள் பவானி. அப்பா இல்லாத பிள்ளை அவள் மட்டுமா அங்கே?

"நல்ல படம் டீச்சர். அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்."

"அப்ப நீங்களே லேப்டாப் பக்கத்துல உக்காந்து தள்ளி விட்டுருங்க." எந்தப் பொத்தான் என்று காட்டினார்.

மே 11, ஞாயிறு

மேகம் மட்டும், மழை இல்லை. ஹால் நிறையப் பிள்ளைகள், வேர்வை, பொரிகடலை. எருமை வந்ததும் ஒரே கூப்பாடு.

"ஏலே, ஒங்க மாமாலே!"

"ஒன்னய மாதிரில்லா முழிக்கி!"

தீபாவளிப் பாட்டு வந்தது. அவசரத்தில் வேறு பொத்தானை அமுக்கிவிட்டேன். படம் அப்படியே நின்றுவிட்டது. அப்பா ஊதுபத்தியோடு சரவெடிமேல் குனிந்தபடி.

"இம்புட்டுக் கிட்டயா நிப்பாரு! தள்ளி நில்லுங்கய்யா!"

"ஒழுங்கா வேட்டியத் தூக்கிக் கட்டச் சொல்லுலே!"

ஹாலே அவருக்கு வகுப்பு எடுக்கிறது. மறுபடி அமுக்கினேன். ஓட ஆரம்பித்துவிட்டது. டமார். பவானி காதைப் பொத்திக்கொண்டாள்.

கரி முகத்தோடு அந்த அப்பா பல்லைக் காட்டினார். பவானி கையை எடுத்தாள். ஒரே சிரிப்பு. "எங்கப்பாவும் இப்படித்தான் வருவாரு! ஆனா வெள்ளிக் கலர்ல!"

வெடிக்குப் போடும் அலுமினியப் பவுடர். கண்ணும் பல்லும் மட்டும்தான் மனுஷனாகத் தெரியும். குளிக்க விடாமல் அவர் முதுகில் விரலால் பூனை வரைவாள். எனக்கு அவர் செத்த நாள் மட்டுமே ஞாபகம். அவளுக்கு அவர் வீட்டுக்கு வந்த நாளெல்லாம்.

"எங்கம்மா கம்பெனி விட்டு வந்தா பச்சை!"

"எங்கப்பா மஞ்சள்லே, தலையெல்லாம்!"

"எங்க சித்தி ஒரு நாள் ஊதா!"

பாட்டே கேட்கவில்லை. பவானி திரும்பி என்னைத் தேடினாள். "யம்மா, அப்பா வெள்ளிதான?"

"வெள்ளிதாம்ட்டி. காது மடல்ல சோப்பு போட்டாலும் போகாது." எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.