மருந்து அடிக்காத ஒரு வரிசை

என் பிரியமுள்ள அத்தா,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே? உங்கள் மருமகன் நேற்று கொச்சியில் கப்பலிறங்கி, குமுளி வழியாக வீடு வந்து சேர்ந்தார். நீங்கள் பார்க்காத பேரன், எட்டு மாதக்காரன், அவர் தாடியைப் பிடித்துத் தொங்குகிறான்.

அவர் வேலைக்குப் போயிருந்தது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடல், அத்தா. அடியில் உருளைக்கிழங்கு போல உலோகக் கட்டிகள் கிடக்கின்றனவாம். அவற்றை அள்ளும் இயந்திரத்தைச் சோதனையாக ஓட்டினார்கள். அதனால் அங்கே வாழும் புழுபூச்சிக்கு என்ன ஆனது என்று, சேறெடுத்துப் பார்த்துச் சொல்வது இவர் வேலை.

போன மாதம் கப்பலிலிருந்து போன் செய்தார். "நூரு, இயந்திரம் ஓடுன எடத்துல மட்டுந்தான் சேறு எடுத்திருக்கோம். ஓடாத எடத்துல எடுக்கவே இல்ல. 'பெரிய பாதிப்பு இல்லை'ன்னு அறிக்கையில கையெழுத்துப் போடச் சொல்றாக. மாட்டேன்னா அடுத்த வருசம் வேலை இருக்காது போல."

கையில் பிள்ளை, வேலை போய்விட்டால் என்ற பயம். "பேசாமப் போட்டுட்டு வாங்க மச்சான்" என்றேன். லைன் அறுந்துவிட்டது. அடுத்த அழைப்புக்கு ஒரு வாரம். விலங்கியல் படித்தவளுக்கு, தான் சொன்னது என்னவென்று தெரியாதா? போட்டிருப்பாரோ, போட்டிருப்பாரோ என்றே அந்த வாரம் முழுக்க நாளை எண்ணினேன்.

அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே பேசினார். "போடல நூரு. பேனாவ எடுத்தேன், ஒங்க அத்தா ஞாபகம் வந்துருச்சு. ஓடைப்பட்டித் தோட்டத்துல புது மருந்து அடிக்கிறப்ப ஒரு வரிசைய விட்டுருவாகல்ல? அதத்தான் எங்க ஆய்வுக் குழுத் தலைவர்கிட்டச் சொன்னேன். 'திராட்சைத் தோட்டத்துக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டேனே'ன்னு கத்துனாக. மறுநாளு கப்பலத் திருப்பச் சொல்லிட்டாக."

இயந்திரம் தொடாத இடத்திலும் சேறெடுத்தார்கள். அங்கே நெளிந்த பல புழுக்கள், அது ஓடிய தடத்தில் இல்லவே இல்லையாம். அதை உள்ளபடி எழுதித்தான் இவர் கையெழுத்துப் போட்டார். வேலையும் போகவில்லை.

அந்த வரிசையைப் பார்த்து, "மருந்து தீந்துபோச்சா அத்தா?" என்று கேலி செய்தவள் நான். "எல்லாத்துக்கும் அடிச்சுட்டா, மருந்து என்ன செஞ்சுச்சுன்னு எத வச்சு ஆத்தா பாக்குறது?" என்றீர்கள். நான் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற புது மாப்பிள்ளை வாங்கியிருக்கிறார்.

தம்பி இந்த வருடம் எல்லா வரிசைக்கும் அடித்துவிடலாம் என்கிறான். விடமாட்டேன் அத்தா. கிணற்றோர வரிசை உங்கள் வழக்கப்படியே நிற்கும். அதில் காய்க்கிற சொத்தைக் குலையை நானே தின்றுகொள்கிறேன்.

அன்று கேலி செய்த உங்கள் மகள்,
நூர்நிசா