சேறு பட்ட ஷூ

தி.நகர்,
9.11.97

அன்புள்ள நோராவுக்கு,

உன் மூட்டு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் கடைக்கு வெளிநாட்டு ஓட்டப்பந்தய ஷூ நாற்பது ஜோடிதான் வந்தது. ஆளுக்கு ஒன்றுதான் என்று முதலாளி சொன்னார். வாசல் காவல் நான். அப்படியும் பாதியைச் சிலர் ஆள் வைத்து வாங்கி, பக்கத்துத் தெருவில் இரட்டை விலைக்கு விற்கிறார்கள். மழையில் நின்றவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

எங்களுக்கும் ஆளுக்கொரு ஜோடி கடை விலைக்குக் கிடைத்தது. சேல்ஸ்மேன் குருபிரசாத், "இன்னா பெரிசு, நீ இன்னா ஓடப் போறியா? எங்கிட்ட குடு, டபுளா வித்துத் தரேன்" என்றான். நான் கொடுக்கவில்லை. இதை உன் தம்பியிடம் சொல்லாதே, அவனும் கேட்பான்.

மறுநாள், வரிசையில் நின்றும் கிடைக்காத மதுவந்தி என்ற பி.டி. டீச்சர் கடை விலைக்குக் கேட்டு வந்தாள். இவள் மட்டும் விற்கமாட்டாள் என்று என்ன நிச்சயம்? என் ஜோடியைக் கொடுத்து, போட்டுக்கொண்டு வாசல் சேற்றில் நடக்கச் சொன்னேன். சேறு பட்டதை எவனும் புதுசென்று விற்க முடியாது. அவள் சிரித்துக்கொண்டே நாலு தடவை மிதித்து, "போதுமா மாமா?" என்றாள். இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னேன்.

அதிலிருந்து, தங்கள் ஜோடியை இரட்டை விலைக்கு விற்ற குருபிரசாத்தும் மற்றவர்களும் என்னை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. தப்பு என்மேல் இல்லை; நானாகப் போய்ப் பேசமாட்டேன்.

ஷட்டரைத் தூக்குகிறார்கள், முடிக்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. முன்போல எல்லோருக்கும் சேர்த்துப் போடவேண்டாம். சின்ன பாட்டில் போதும்.

ஸ்தனிஸ்லாஸ்