பம்ப்காரருக்குக் கூட்டம் வழிவிடுவது குறித்து

அனுப்புநர்:
வழக்கறிஞர் (பம்ப்காரரின் மனைவிக்கு அண்ணன்),
சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: நிலக்கரிச் சுரங்கம் – திங்கட்கிழமை தொடங்கும் வேலைநிறுத்தம் – பம்ப்காரர் சுடப்படாதிருக்க ஆணை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சுரங்கத்தின் வேலைநிறுத்தங்கள் அமைதியாக நடந்தன என்று நான் வாதிடப்போவதில்லை. முதலாவதில் மேலாளரின் வீடு எரிந்தது. இரண்டாவதில் நிர்வாகம் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. அவர்கள் பார்வையாளர்கள் என நிர்வாகம் கூறுகிறது. பார்வையிடுவதற்கு அவர்கள் கொண்டுவந்தவை இரும்புத் தடிகள். இரு தரப்பிலும் மண்டைகள் உடைந்தன.

2. இத்தனைக்கும் நடுவே ஒரு வழக்கம் மட்டும் மீறப்பட்டதில்லை. சுரங்கத்தில் நீர் ஓயாமல் ஊறும். பம்ப் நின்றால் கீழ்த்தளம் மூழ்கிவிடும். பிறகு வேலைநிறுத்தத்தில் யார் வென்றாலும் திரும்பிச் செல்ல வேலை இராது. ஆகவே பம்பை இயக்கச் செல்லும் பம்ப்காரர் விளக்குடன் வாயிலுக்கு வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிடும். மேலாளரின் வீட்டின்மீது கல்லெறிந்தவர்கள்கூட அவர் கடந்துசெல்லும் வரை நிறுத்தி, பின்னர் தொடர்ந்தனர்.

3. சென்ற வேலைநிறுத்தத்தின்போது பம்ப்காரராக இருந்தவர் என் தங்கை கணவரின் அண்ணன். வாயிற்காவலர்கள் புதியவர்கள், வழக்கம் அறியாதவர்கள். கூச்சலிட்ட கூட்டம் திடீரென அமைதியாகி ஒருவருக்கு வழிவிட்டதைக் கண்டு, அவரே தலைவர் என முடிவுசெய்து சுட்டுக் கொன்றனர். கூட்டம் காட்டிய மரியாதையே அவர் குற்றத்துக்குச் சான்று என்பது விசாரணையின் முடிவு. அவர் சங்கக் கூட்டத்துக்கு ஒரே ஒருமுறை சென்றிருக்கிறார்; அங்கு உறங்கிவிட்டார். அன்று கீழ்த்தளம் மூழ்கியது; நீரை இறைத்து அதை மீட்கப் பல மாதங்கள் ஆயின. அந்தச் சேதத்துக்கும் அவரே பொறுப்பாக்கப்பட்டுள்ளார்.

4. இப்போது பம்ப்காரர் என் தங்கை கணவர். திங்களன்று அவர் அதே வாயிலைக் கடக்க வேண்டும். எனவே இம்முறை வழிவிடாமல் அவரைத் திட்டி அனுப்புவதெனத் தொழிலாளர்கள் தீர்மானித்தனர். நேற்று மாலை கேன்டீனின் பின்புறம் ஒத்திகை நடந்தது; உடனிருந்தேன். "இடி" என்று அழைக்கப்படும் கரிவெட்டுபவர் தொடங்கினார்: "டேய் கருங்காலி! உள்ள போறியே, வெக்கமா இல்ல?" உடனே, "மன்னிச்சுக்குங்கண்ணே, வாய் வரல" என்றார். என் தங்கை கணவர், "பரவால்ல தம்பி, இன்னும் சத்தமா திட்டு. வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறவனுங்களுக்குக் கேக்கணும்ல" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "நம்ம சூப்பர்வைசரை நெனச்சுக்கடா, தானா வரும்" என்றார். அதன்பின் ஒத்திகை திருப்திகரமாக அமைந்தது.

5. இந்த ஏற்பாட்டைக் காவல் அதிகாரியிடம் முன்கூட்டியே தெரிவித்தேன். "திட்டினா அது கலவரம், வக்கீல் சார். கலவரம்னா சுட எங்களுக்கு உத்தரவு இருக்கு" என்றார். வழிவிட்டால்? "அப்ப அவர்தான் தலைவர்." கூட்டமே இல்லாவிட்டால்? "தனியா விளக்கோட உள்ள நுழையுறவன் வேற யாரு? நாசகாரன்தான்." அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார் என்பதையும் பதிவுசெய்கிறேன்.

6. வீட்டுக்கு வந்ததும் என் தங்கை கேட்டாள்: "அண்ணே, சட்டமெல்லாம் இருக்கட்டும். திங்கக்கிழமை ராத்திரி அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவா, வேணாமா?" இதற்கு விடைகூறும் அதிகாரம் எனக்கில்லை. தங்களுக்கு உண்டு.

7. எனவே, (அ) பம்ப்காரரைக் காவலர்களுக்கு நேரில் அடையாளம் காட்டவும், அவரைச் சுடலாகாதென எழுத்துமூலம் ஆணையிடவும் வேண்டுகிறேன். (ஆ) அது இயலாதெனில், அவர் எவ்விதமாக நடந்துசென்றால் சுடப்படமாட்டார் என்பதையேனும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

8. ஆணை வராவிட்டாலும் அவர் செல்வார். "தண்ணி ஏறுது மச்சான், நான் என்ன பண்றது" என்கிறார். அவருக்கு முன்னால் நான் நடப்பதாக உள்ளேன். வழக்கறிஞரின் கறுப்பு அங்கியில் இருப்பேன்; கூட்டம் எனக்கும் வழிவிடக்கூடும். ஆகவே காவலர்கள் என்னைத் தலைவரெனக் கருத இடமுண்டு என்பதை முன்கூட்டியே தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வழக்கறிஞர்